வாச்சாத்தியின் சாட்சியம்

இன்று பெருங்குடியில் கூடியிருக்கும் நாம் வாச்சாத்தியை நினைத்துக்கொள்வோம். 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரத் தேடுதல் என்று சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்தப் பழங்குடி ஊருக்குள் நுழைந்தன. 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். அவர்களையே கடத்தல்காரர்கள் என்று சிறையில் அடைத்தார்கள்.

"புகார் ஏன் தாமதம்?" என்று பிறகு கேட்டார்கள். குற்றம் செய்தவர்களே சீருடையில் இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

2011இல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன் அந்த ஊருக்கே போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று, பெண்களின் சாட்சியம் நம்பத்தக்கது என்று சொல்லி மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். அந்தப் பெண்களிடம் தாமதத்துக்குக் காரணம் கேட்டவர்கள், இந்த 31 ஆண்டுகளுக்கு யாரிடம் கணக்குச் சொல்வார்கள்?

நம் சேரிப் பெண் ஒருத்தி புகார் சொல்ல வந்தால், நாளும் நேரமும் குறித்து எழுதிக்கொள்வோம். காவல் நிலையத்துக்கு அவளைத் தனியாக அனுப்பாமல் நாமும் கூடப் போவோம்.