உபாத்தியாயர் மு. வரதராசனார்

(மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் இல்லங்களில் பிள்ளை பள்ளியிறுதி தேறியவுடன் தோல் மண்டியிற் கணக்கெழுதவோ, சர்க்கார் உத்தியோகத்திற்கோ அனுப்ப விரைகின்றோம். உபாத்தியாயர் வேலை என்றால் முகஞ்சுளிப்போர் பலர். பெண் கொடுக்கத் தயங்குவோரும் உளர். ஆதலின் நம் பழைய வட ஆற்காட்டு ஜில்லாவின் உபாத்தியாயர் ஒருவரைப் பற்றிச் சொல்ல விழைகின்றேன்.

1912-இல் பிறந்த மு. வரதராசனார், வாலாஜாவை அடுத்த வேலம் என்னுஞ் சிற்றூரில் வளர்ந்தவர். திருப்பத்தூர்த் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக அமர்ந்தார். உடல்நலங் குன்றவே அவ்வுத்தியோகத்தை விடலாயிற்று. வீட்டார் எவ்வளவு கலங்கியிருப்பர்! அவரோ தமிழைத் தாமே பயின்று, 1935-இல் வித்துவான் தேர்வில் மாகாணத்திலேயே முதல்வராகத் தேறினார். திருப்பனந்தாள் மடத்தார் ஆயிரம் ரூபாய் பரிசளித்தனர். அவ்வாண்டே மாமன் மகள் இராதா அம்மையாரை மணந்தார். திருப்பத்தூர் முனிசிபல் உயர்தரப் பள்ளியில் தமிழாசிரியருமானார்.

பாடஞ் சொல்லிக்கொண்டும் இல்லறம் நடத்திக்கொண்டுமே 1939-இல் பி.ஓ.எல். தேறிப் பச்சையப்பன் கல்லூரிக்குச் சென்றார். 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழாராய்ச்சிக்கு முதல் டாக்டர் பட்டம் பெற்றவர் அவரே. 1971 முதல் 1974-இல் மறையும்வரை மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். ஆயினும், அன்னைக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் எழுதுவதுபோல் அவர் வரைந்த கடித நூல்களே எனக்குப் பெரியனவாகத் தோன்றுகின்றன. வீட்டில் மூத்த தமையன் பேசுவதுபோலவே அவை பேசும்.

உபகாரச் சம்பள நிதியில் ஆசிரியர் பயிற்சிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்குமாறு காரியதரிசி அவர்களை வேண்டி அமர்கின்றேன்.