டவர் இருக்கு, ஓ.டி.பி. வரலையே!

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். செல்போன் கம்பெனியைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன தெரியும் என்று நீங்க நினைக்கலாம். ஆனால் நம்ம குழு வேலை பாதி இன்னிக்கு போனில்தான் நடக்குது. சேமிப்பு, கடன் கணக்கை லோக்ஓஎஸ் ஆப்பில் ஏத்தணும். பேங்கில் எது செய்தாலும் ஓ.டி.பி. கேக்குறாங்க. 100 நாள் வேலையில் வருகைப் பதிவுக்கு போட்டோ ஏத்தணும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை திட்டத்தை 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி நம்ம காஞ்சிபுரத்தில்தான் தொடங்கினாங்க. ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தொகை என்று அறிவிச்சாங்க. பணம் ஏறிச்சா இல்லையா என்று நம்மில் பாதிப் பேர் பார்த்தது எஸ்.எம்.எஸ்.-ஸில்தான். அதனால சிக்னல் என்பது நமக்குப் பொழுதுபோக்கு இல்லை, கூலி மாதிரி.

எங்க ஊரில் நடந்ததைச் சொல்றேன். ஒரு ஜவுளிக் கடைக்காரர் புது டிசைன் போட்டோவை ரெண்டு வீட்டுக்கு ஒரே நேரத்தில் அனுப்பினார். யார் முதலில் 'சரி' என்று பதில் போடுறாங்களோ அவங்களுக்கு ஆர்டர். ரெண்டு பேரும் ஒரே தெரு. ஒருத்தர் திண்ணையில் இருந்தார், போட்டோ வந்துடுச்சு. இன்னொரு அக்கா உள்ளே குழித்தறியில் இருந்தாங்க. அவங்க போனுக்குப் போட்டோ வரும்போது ராத்திரி பதினோரு மணி. ஒரு சேலைக் கூலி போச்சு. "என் போன் சரியில்லை" என்று அந்த அக்கா தன்னையே நொந்துக்கிட்டாங்க. போன் மேல குற்றம் இல்லை. காரணம் என்ன என்று தெரிஞ்சுக்கத்தான் நான் விசாரிக்க ஆரம்பிச்சேன். தெரிஞ்சதை எளிமையா சொல்றேன்.

செல்போன் பேச்சு காத்துல அலையா போகுது. அந்த அலை போற பாதைக்குத்தான் அலைக்கற்றை என்று பேர். 2ஜி, 2ஜி என்று டி.வி.யில் எத்தனையோ நாள் கேட்டிருப்போம். அரசியலை விட்டுடுங்க. 2012 பிப்ரவரி 2-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் 122 லைசென்ஸை ரத்து பண்ணுச்சு. அலைக்கற்றை நாட்டு மக்களோட சொத்து, அதை ஏலம் விட்டுத்தான் கொடுக்கணும் என்று சொல்லிச்சு. அதுக்கப்புறம் கம்பெனிகள் ஏலத்தில்தான் எடுக்குறாங்க. நாட்டை 22 வட்டமா பிரிச்சிருக்காங்க. அதில் தமிழ்நாடு ஒரு வட்டம். ஒரே கம்பெனிக்கே ஒவ்வொரு வட்டத்திலும் வேற வேற அளவு அலைக்கற்றை இருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். அலைக்கற்றையில் பல வரிசை உண்டு. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் கீழ் வரிசை. 1800, 2100, 2300 நடு வரிசை. 5ஜி-க்கு 3300 என்று மேல் வரிசை. அதுக்கும் மேல 26 ஆயிரம் வரைக்கும் இருக்கு.

பக்கத்து ஊர் அம்மன் கோயில் திருவிழாவை நினைச்சுப் பாருங்க. ராத்திரி நம்ம வீட்டுக்குள்ள கதவைச் சாத்திப் படுத்தாலும் 'தும் தும்' என்று பெரிய மேளச் சத்தம் கேக்கும். பாட்டு வார்த்தை கேக்காது. கனத்த சத்தம் சுவரைத் தாண்டி வரும், மெல்லிசான சத்தம் வழியிலேயே நின்னுடும். அலையும் ஏறக்குறைய அப்படித்தான். கீழ் வரிசை தூரம் போகும், மெத்தை வீட்டுக்குள்ளயும் நுழையும். ஆனா அதில் பாதை குறுகல். மேல் வரிசையில் பாதை ரொம்ப அகலம், ஆனா கொஞ்ச தூரத்திலேயே தேஞ்சுடும், சுவர் தடுக்கும். தூரமும் அகலமும் ஒண்ணா கிடைக்காது.

அகலம் என்றால் என்ன என்று நம்ம தறிக்காரங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அச்சு அகலம் எவ்வளவோ அவ்வளவு இழைதான் பிடிக்கும். அதுக்கு மேல திணிச்சா இழை அறுந்து போகும். டவரும் அப்படித்தான். கம்பெனி கையில் இருக்கிற அகலத்தை, அந்த டவருக்குக் கீழே இருக்கிற எல்லாரும் பங்கு போட்டுக்கணும். பத்து பேர் இருந்தா வேகமா ஓடும். ராத்திரி எட்டு மணிக்கு ஊரே படம் பார்த்தா ஊர்ந்து போகும்.

ஆகவே ரெண்டு நோய் இருக்கு, ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது. ஒண்ணு, சிக்னலே எட்டாதது. இன்னொண்ணு, சிக்னல் இருந்தும் நெரிசல். போனில் தெரியுற கோடு முதல் நோயைத்தான் காட்டும். ரெண்டாவதைக் காட்டாது.

இதுக்கு நம்ம ஊரைவிட நல்ல உதாரணம் இல்லை. 2019-ல் அத்தி வரதர் வந்தாரே, ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். 1979-க்கு அப்புறம் 40 வருஷம் கழிச்சு அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளினார். ஒரு கோடி பேர் வந்தாங்க என்று பேப்பரில் போட்டாங்க. சின்ன காஞ்சிபுரத்தில் கூட்டத்துக்கு நடுவில் நின்னு போன் பண்ணிப் பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். கோடு முழுசா காட்டும், ஆனா பிரிஞ்சு போன புருஷனையோ பிள்ளையையோ கூப்பிட்டா போகாது. டவர் பக்கத்திலேயே இருந்துச்சு. தெருவுக்கு ஏத்த டவர் அது, கடல் மாதிரி வந்த ஜனத்துக்கு எப்படிப் போதும்? அதனாலதான் இப்பல்லாம் கும்பமேளா மாதிரி பெரிய கூட்டத்துக்கு லாரியில் தற்காலிக டவர் கொண்டு வந்து நிறுத்துறாங்க.

சரி, யாரிடம் எவ்வளவு இருக்கு? 2022 ஆகஸ்ட் 1-ஆம் தேதி முடிஞ்ச ஏலத்தில் மொத்தம் 1,50,173 கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை போச்சு. ஜியோ 88,078 கோடி, ஏர்டெல் 43,084 கோடி, வி 18,799 கோடி. 3300 வரிசையில் ஜியோவும் ஏர்டெல்லும் நாடு முழுக்க ஆளுக்கு 100 மெகாஹெர்ட்ஸ் எடுத்தாங்க. வி 17 வட்டத்தில் 50 எடுத்துச்சு. தூரம் போகிற 700 வரிசையை அந்த ஏலத்தில் ஜியோ மட்டும்தான் வாங்கிச்சு, போக 10, வர 10 என்று 22 வட்டத்துக்கும். பி.எஸ்.என்.எல்.-க்கு 700 வரிசையை 2023-ல் மத்திய அரசு ஒதுக்கிச்சு. ஏர்டெல்லும் வி-யும் 900 வரிசையைக் கீழ் வரிசையா வச்சிருக்காங்க, வட்டத்துக்கு வட்டம் அளவு மாறும்.

அப்ப அதிகம் வச்சிருக்கிற கம்பெனிதான் நல்லது என்று முடிவு பண்ணிடலாமா? கூடாது. பங்கு போடுற தலையையும் எண்ணணும். 2024 கடைசியில் ஜியோவுக்கு நாடு முழுக்க சுமார் 46 கோடி இணைப்பு, ஏர்டெல்லுக்கு 38 கோடி, வி-க்கு 20 கோடி, பி.எஸ்.என்.எல்.-க்கு 9 கோடி. அகலம் ஒண்ணா இருந்தாலும் ஆள் அதிகம் என்றால் பங்கு குறையும். ஆள் குறைவான கம்பெனியா இருந்தாலும், நம்ம ஏரிக்கரைப் பக்கம் அதுக்கு டவரே இல்லை என்றால் என்ன பிரயோஜனம்? டெல்லியில் வாங்கின அலைக்கற்றை நம்ம தெருவுக்கு வரணும் என்றால் இங்கே டவர் நிக்கணும், அந்த டவருக்கு நல்ல கேபிள் இணைப்பும் வரணும்.

நம்ம கையில் இருக்கிற போனையும் பார்க்கணும். கோர்வை சேலையில் உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ரெண்டு நாடா என்று மூணையும் கோர்த்து ஒரே சேலையாக்குறோம் இல்லையா? புது போன்கள் அதே மாதிரி ரெண்டு மூணு வரிசையைக் கோர்த்து வேகமாக்கும். பழைய போனுக்கு அந்த வித்தை வராது. ஜியோவில் 2ஜி கிடையாது, அதனால மாமியார் வச்சிருக்கிற பழைய பட்டன் போனில் அந்த சிம் வேலை செய்யாது. ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல்.-ல் செய்யும். வீட்டுப் பெரியவங்களுக்கு சிம் மாத்துறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

இன்னொரு பாடம் ஏர்செல். 1999-ல் நம்ம தமிழ்நாட்டில் தொடங்கின கம்பெனி. நம்ம பக்கம் எத்தனை பேர் வச்சிருந்தோம்! 2018 பிப்ரவரியில் திடீர்னு டவர் எல்லாம் அணைஞ்சது. கம்பெனி திவால் மனு போட்டுச்சு. நம்பரை மாத்திக்க எஸ்.எம்.எஸ். அனுப்பணும், அனுப்ப சிக்னல் இல்லை. ஜனங்க கடை வாசலில் வரிசையில் நின்னாங்க. பேங்க், கேஸ், ஆதார் எல்லாத்துக்கும் அந்த நம்பரையே கொடுத்தவங்க தவிச்சுப் போனாங்க. மொத்தக் குழுவும் ஒரே கம்பெனியை நம்பி இருந்தா என்ன ஆகும் என்று அன்னைக்கே பார்த்துட்டோம்.

இனிமே நாம என்ன செய்யலாம் என்று மூணு யோசனை சொல்றேன்.

முதலாவது, ஒவ்வொரு குழுவும் ஒரு 40 பக்க நோட்டு போடுங்க. தறி அறை, திண்ணை, குழுக் கூட்டம் நடக்கிற இடம் என்று மூணு இடம். காலை, மதியம், ராத்திரி எட்டு மணி என்று மூணு வேளை. நாலு கம்பெனி போனிலும் ஒரு கால், ஒரு எஸ்.எம்.எஸ்., ஒரு சேலை போட்டோ அனுப்பிப் பாருங்க. ஒரு வாரம் எழுதுங்க. வெளியே போகுது, உள்ளே போகலை என்றால் அது எட்டாத நோய். காலையில் போகுது, ராத்திரி போகலை என்றால் அது நெரிசல். எந்தக் கம்பெனி நல்லது என்று விளம்பரத்தில் வர நடிகரைவிட இந்த நோட்டு சரியா சொல்லும். டிராய் உத்தரவுப்படி கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் எங்கெங்க சிக்னல் இருக்கு என்று வரைபடம் போடணும். படிக்கிற பிள்ளைங்களை விட்டு அதையும் பார்க்கச் சொல்லி, நம்ம நோட்டோட ஒப்பிடுங்க.

ரெண்டாவது, ஊக்குநர் ஒரு கம்பெனி, பிரதிநிதி வேற கம்பெனி என்று வச்சுக்கோங்க. ஒண்ணு படுத்தாலும் குழு வேலை நிக்காது. கம்பெனி மாறணும் என்றால் நம்பரை விட வேண்டியதில்லை. 2011 ஜனவரி 20-லிருந்து நாடு முழுக்க இந்த வசதி இருக்கு. 'போர்ட்' என்று ஆங்கில எழுத்தில் அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு நம்ம பத்து இலக்க நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்பினா ஒரு கோடு நம்பர் வரும். அது நாலு நாளைக்குத்தான் செல்லும். அதுக்குள்ள புது கம்பெனி கடைக்கு ஆதாரோட போகணும். சிம் வாங்கி 90 நாள் ஆகியிருக்கணும். கடன் தவணை கட்டுற வாரத்தில் மட்டும் மாத்தாதீங்க, மாறுகிற நேரத்தில் ஓ.டி.பி. தடைபடும்.

மூணாவது, தனியா புலம்பாதீங்க, சேர்ந்து எழுதுங்க. 198-க்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்து, புகார் எண்ணை அதே நோட்டில் குறிச்சு வையுங்க. அந்த நோட்டுகளை எல்லாம் சேர்த்துக் கூட்டமைப்பு ஒரு தீர்மானம் போட்டு, கம்பெனிகளுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் அனுப்பட்டும், கிராம சபையிலும் வைக்கட்டும். "சிக்னல் சரியில்லை" என்று சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. "இந்த ஊர், இந்தத் தெரு, ராத்திரி எட்டு மணி, ஏழு நாளில் ஆறு நாள் போட்டோ போகலை" என்று கணக்கோட வச்சா பதில் சொல்லித்தான் ஆகணும்.

கணக்கு எழுதித்தானே நாம இவ்வளவு தூரம் வந்தோம்? வாரம் பத்து ரூபாய், இருபது ரூபாய் சேமிப்பை ஒரு நோட்டில் எழுத ஆரம்பிச்சு, இன்னிக்கு பேங்க் மேனேஜர் எதிரில் நாற்காலி போட்டு உட்காருறோம். அதே நோட்டு, அதே பேனா. இந்தத் தடவை சிக்னலை எழுதுவோம். அடுத்த ஆண்டு விழாவுக்குள் நம்ம கூட்டமைப்பில் இருக்கிற எல்லா ஊர் நோட்டும் இந்த மேசை மேல வரணும் என்று கேட்டுக்கொள்கிறேன்.