கேளாமல் வரும் காட்சிகள்

கல்முனைக் கரையோர ஊர்களில் இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. எவரும் கேளாத அரசியற் காணொளிகள் அதன் வழியே நாள்தோறும் வீட்டினுள் நுழைகின்றன. அவற்றுக்குப் பொறுப்பாளி யார்?

2018 பெப்ரவரி 26ஆம் நாள் இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமொன்று தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் சேதமுற்றது. உணவிலே கருத்தடை மருந்து கலந்தனர் என்பது பழி. சூழ்ந்து நின்றோரின் மிரட்டலுக்கு அஞ்சிக் காசாளர் இசைந்த காட்சி முகநூலிற் பரவியது. அரச பகுப்பாய்வாளர் பின்னர் சோதித்தபோது, அது மருந்தன்று, மாக்கட்டியே எனத் தெரிந்தது. உண்மை வெளிவருமுன்னரே பொய் ஊரூராய்ச் சென்றுவிட்டது. மார்ச்சு மாதம் கண்டி மாவட்டத்திற் கலவரம் மூண்டபோது, அரசாங்கம் முகநூலையே சில நாள் முடக்க நேர்ந்தது.

பத்திரிகையில் தவறு வந்தால் ஆசிரியர் பதில் கூறுவார். வானொலியில் வந்தால் நிலையம் பதில் கூறும். முகநூலிலோ, எதனை யாருக்குக் காட்டுவதென்று கணிப்பொறி தீர்மானிக்கிறது. அது மெய் பொய் ஆராய்வதில்லை. எதிலே மக்களின் கண் நிலைக்கும் என்றே கணக்கிடுகிறது. அக்கணக்கை வகுத்தது நிறுவனம். அதனால் வருவாய் பெறுவதும் நிறுவனமே. அந்நிறுவனம் 2020இல் இலங்கை மக்களிடம் மன்னிப்புக் கேட்டது.

படம் பிடித்தவன் முதற் குற்றவாளி. ஆயினும், கேளாதவர் கண்முன் அதனைக் கொண்டுவந்து வைத்தவனும் பொறுப்பாளியே. ஆராயாது அடுத்தவருக்கு அனுப்பும் கைக்கும் அப்பொறுப்பிற் பங்குண்டு. நிறுவனத்தைத் திருத்துவது நாடுகளின் கடமை. அந்தக் கையைத் தடுப்பது அவரவர் கடமை.