நம் நிலக் கணக்கை நாமே பார்ப்போம்
(கிராமக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நிலம் நம்முடையதாக இருந்தும், அதன் கணக்கு நெடுங்காலம் நமக்கு எட்டாத இடத்தில் இருந்தது. பட்டா விவரம் அறிய ஒருநாள் கூலியை இழந்து, தாலூகா அலுவலகம் சென்று, வெறுங்கையோடு திரும்பியவர்கள் நம்மில் பலர். இன்று அந்நிலை மாறியிருக்கிறது.

தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைக் குறித்து, பட்டா எண்ணையோ, புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையுமோ கொடுத்தால் போதும். நிலம் யார் பெயரில் உள்ளது, பரப்பு எவ்வளவு, நன்செயா புன்செயா, தீர்வை எவ்வளவு என்பன தெரியவரும். இதற்குக் கட்டணம் இல்லை. பதிவுத்துறையின் தளத்தில் வில்லங்க விவரமும் பார்க்கலாம்.

இதனை ஏன் உடனே பார்க்க வேண்டும்? பாட்டனார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும் குடும்பங்கள் அநேகம். 1980-களில் நிலப்பதிவுகளைத் திருத்தி எழுதியபோது பெயரிலும் பரப்பிலும் நேர்ந்த பிழைகளும் சில இடங்களில் நீடிக்கின்றன. பயிர்க்கடன் கேட்கும்போதோ, 2019-இல் தொடங்கிய பிரதமர் கிசான் உதவித்தொகைக்கு மனுச் செய்யும்போதோதான் பிழை தெரிகிறது. அப்போது தவிப்பதைவிட இப்போதே அறிவது நலமன்றோ?

பார்ப்பதனால் மட்டும் பிழை திருந்திவிடாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று முதலியவற்றுடன் இ-சேவை மையத்தின் வழியே பட்டா மாறுதலுக்கு மனுச் செய்ய வேண்டும். கட்டணத்துக்கு ரசீதும், மனு எண்ணும் தவறாது பெற்றுக்கொள்ள வேண்டும். இடைத்தரகரிடம் பணம் கொடுப்பது வீண்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தமிழ்நாடு அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் ‘டி.என். டாட் ஜி.ஓ.வி. டாட் ஐ.என்.’ என்று முடியும். அவ்வாறில்லாத முகவரியை நம்புமுன் விசாரித்துக்கொள்வோம். கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணைக் கேட்டு அழைப்பவர் எவரானாலும் அதைச் சொல்லலாகாது.

தேடிய தகவல் தளத்தில் இல்லையெனில், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 10 ரூபாய் கட்டணத்துடன் மனுக் கொடுத்தால், பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும்.

எழுத்தறியாத முதியோரும் கைபேசி இல்லாதோரும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களை விட்டுவிட்டு அடையும் வசதி, ஊர் முன்னேற்றம் ஆகாது. படித்த இளைஞர்கள் வாரம் ஒரு மாலையைப் பஞ்சாயத்துக் கட்டடத்தில் இதற்கென ஒதுக்கட்டும். அடுத்த கிராமசபை கூடுவதற்குள் இவ்வூர்க் குடும்பங்கள் யாவும் தம் பட்டாவை ஒருமுறை பார்த்துவிட்டன என்று நாம் சொல்லும்படி செய்வோமாக.