மதனப்பள்ளியின் மழையும் வெயிலும்



முன்னெல்லாம் இவ்வளவு வெயில் இருந்ததில்லை, மார்கழிக் குளிரும் இப்பொழுது குறைந்துவிட்டது, ஐப்பசி பிறந்தால் ஏரி நிரம்பாமல் போனதில்லை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்காத வீடு நம் நாட்டில் இராது. இக்கூற்றில் உண்மை உண்டா? உண்டென்றால் எவ்வளவு? மனித ஞாபகம் பெருவெள்ளத்தை மறப்பதில்லை; கொடும் பஞ்சத்தையும் மறப்பதில்லை. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே வந்து போகும் சாதாரண ஆண்டுகளை அது சேர்த்து வைப்பதில்லை. அவற்றைச் சேர்த்து வைப்பது நாள்தோறும் எழுதப்படும் வானிலை ஏடு ஒன்றே. அத்தகைய ஏடு நமக்கு எவ்வளவு பயன்படும், அதை எவ்வளவு எச்சரிக்கையுடன் காக்க வேண்டும் என்பதை ஒரு சிறிய மேட்டு நிலத்து ஊரை வைத்துச் சிந்திப்போம்.

தமிழ் நிலத்தின் வடவெல்லை என்று பழைய நூல்கள் கூறும் வேங்கடமலையின் அடிவாரத்தில் திருப்பதி இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் அந்நகரின் உயரம் சுமார் 160 மீட்டர். அங்கிருந்து மேற்கு நோக்கிப் பீலேரு வழியாகச் செல்லும் சாலை சிறிது சிறிதாக ஏறி, நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தைக் கடந்து, மைசூர் மேட்டு நிலத்தின் விளிம்பிலுள்ள மதனப்பள்ளியை அடைகிறது. அவ்வூரின் உயரம் ஏறக்குறைய 700 மீட்டர். 1919-இல் கவி தாகூர் தங்கியிருந்து, ‘ஜன கண மன’ பாடலுக்கு ஆங்கில உருவம் தந்த ஊர் அது. அதற்கருகே உள்ள ஹார்ஸ்லி குன்று 1,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம் உடையது. கோடை வெயிலுக்கு அஞ்சிய கடப்பைக் கலெக்டர் ஹார்ஸ்லி சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அங்கே மாளிகை கட்டிக்கொண்டதால் குன்றுக்கு அவர் பெயரே நிலைத்தது.

மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்வது யாவரும் அறிந்ததே. ஓர் ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி செல்ஷியஸ் வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே திருப்பதியைவிட மதனப்பள்ளி மூன்று, நான்கு டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். மதனப்பள்ளியைவிட ஹார்ஸ்லி குன்று அதே அளவு மேலும் குளிர்ந்திருக்க வேண்டும். மே மாதத்தில் திருப்பதியின் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், மேட்டு நிலத்தார் சற்று மூச்சு விடுவதற்குக் காரணம் இதுவே. கடலிலிருந்து விலகிய உலர்ந்த நிலமாதலால், பகலில் ஏறிய வெப்பம் தெளிந்த வானத்தின் வழியே இரவில் விரைவாக நீங்கிவிடுகிறது. தை மாத விடியற்காலையில் ஆந்திரத்தின் குளிர்ந்த ஊர்களின் வரிசையில் இப்பகுதி இடம்பெறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மழையின் கதை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இறக்கிவிட்டு வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றோ, வங்கக் கடலிலிருந்து வந்து திருமலையும் சேஷாசல வரிசையும் தடுக்க, கிழக்குச் சரிவில் மிகுதியாகப் பொழிந்துவிடுகிறது. இரண்டு மலைத் தொடர்களுக்கும் பின்னால் அகப்பட்ட மதனப்பள்ளி, இரண்டு பருவங்களிலும் பங்கு பெறுகிறது. ஆனால் எதிலும் முழுப் பங்கு பெறுவதில்லை. ஒரு பருவம் முடிந்து மற்றது தொடங்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களே அவ்வூருக்குக் கை கொடுப்பவை. அவை பொய்த்தால் நிலக்கடலையும் பொய்க்கும். ஏரியும் கிணறும் வற்றும்.

இந்த உலர்ந்த காற்றே ஒரு காலத்தில் மதனப்பள்ளிக்குப் புகழ் தேடித் தந்தது. காசநோய்க்கு மருந்து காணப்படாத காலம் அது. தூய காற்று, வெயில், ஓய்வு, நல்ல உணவு என்பவையே அந்நோய்க்குச் சிகிச்சையாகக் கருதப்பட்டன. தென்னிந்தியாவில் அத்தகைய விடுதிக்கு ஏற்ற இடத்தைத் தேடிய கிறிஸ்தவ மிஷன்கள், மதனப்பள்ளிக்கு அருகில் இடம் தேர்ந்தன. டென்மார்க் தேசத்து மருத்துவர் கிறிஸ்டியன் பிரிமோட் மொல்லரின் தலைமையில் 1915-இல் அங்கே சானடோரியம் நிறுவப்பட்டது. அவ்விடத்துக்கு ஆரோக்கியவரம் என்று பெயரிட்டனர். பல ஊர்களிலிருந்தும் நோயாளிகள் அந்தக் காற்றை நாடி வந்தார்கள்.

பின்பு காலம் மாறியது. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வந்தன. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம், சானடோரியத்தில் தங்கி மருந்துண்டவர்களையும் நகரத்தின் எளிய வீடுகளிலேயே இருந்து மருந்துண்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. 1959-இல் வெளியான முடிவு உலகையே வியக்கச் செய்தது. முறையாக மருந்துண்டால் வீட்டிலிருந்தே அந்நோயைக் குணப்படுத்தலாம் என்பது தெளிவாயிற்று. அதன் பின்னர் மேட்டு நிலத்துக் காற்றைத் தேடிச் செல்லவேண்டிய அவசியம் காசநோயாளிகளுக்கு இல்லாது போயிற்று.

ஆனால் ஆரோக்கியவரம் என்னும் பெயர் வேறொரு பட்டியலில் நிலைத்துவிட்டது. இந்திய வானிலைத் துறையின் வெப்பநிலை, மழை அட்டவணைகளில் இப்பகுதி இன்றும் ஆரோக்கியவரம் என்ற பெயராலேயே குறிக்கப்படுகிறது. மாவட்ட எல்லைகள் மாறின. கடப்பையில் இருந்த மதனப்பள்ளி 1911-இல் புதிதாக அமைந்த சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 2022-இல் அதிலிருந்து பிரிந்து அன்னமய்யா மாவட்டத்துக்குச் சென்றது. மருத்துவக் கொள்கையும் மாறிற்று. வானிலை அட்டவணையில் மட்டும் பழைய பெயர் தொடர்கிறது. நோயாளியின் நலத்துக்காக ஒரு காலத்தில் ஆராயப்பட்ட அதே வெயிலும் காற்றும் இன்று உழவனின் நலத்துக்காகவும், அணையின் பாதுகாப்புக்காகவும், உலகம் வெப்பமடைவதை அறிவதற்காகவும் ஆராயப்படுகின்றன. ஒரு பயனைக் கருதி எழுதப்படும் வானிலைக் கணக்கு, எழுதியவர் கனவிலும் கருதாத வேறு பயனைத் தருவது இயல்பு.

இக்கணக்கு எவ்வாறு எழுதப்படுகிறது? நாற்புறமும் சாய்ந்த சட்டங்கள் அமைந்த, வெள்ளை வண்ணம் பூசிய மரப்பெட்டி ஒன்று, தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில் திறந்தவெளியில் நிற்கும். அதனுள் வெயில் நேராகப் படாது. காற்று மட்டும் தாராளமாகச் சென்று வரும். உள்ளே நான்கு வெப்பமானிகள் இருக்கும். ஒன்று அப்போதைய வெப்பத்தைக் காட்டும். ஈரத்துணி சுற்றிய மற்றொன்று காற்றின் ஈரத்தை அறிய உதவும். மூன்றாவது, பகலின் உச்ச வெப்பத்தில் ஏறிய பாதரசத்தை இறங்கவிடாமல் பிடித்துவைக்கும். நான்காவதில் சாராயத்தினுள் மிதக்கும் சிறு ஊசி இரவின் தாழ்ந்த வெப்பத்தைக் காட்டி நிற்கும். அருகே திறந்த இடத்தில் மழைமானி. ஒவ்வொரு நாளும் காலை எட்டரை மணிக்கு, அதற்கு முந்திய 24 மணி நேரத்தில் பெய்த மழை அளந்து எழுதப்படும். மழையே இல்லை என்றால் இல்லை என்றும் எழுதவேண்டும். எழுதாது விட்ட நாளும் மழை பெய்யாத நாளும் ஒன்றல்ல. இன்று பல இடங்களில் தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டன. எனினும் விதி அதுவே.

இவ்விதியின் அருமையை உணர ஒரு கணக்குப் போதும். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 0.7 டிகிரி செல்ஷியஸ் உயர்ந்துள்ளது என்று மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட மாறுதல் ஒரு டிகிரிக்கும் குறைவே. இது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். பயிருக்கும் மழைக்கும் இது சிறிதன்று. இப்பொழுது, மேட்டு நிலத்து ஊர் ஒன்றில் வானிலைப் பெட்டியை நூறு மீட்டர் உயரமான வேறோர் இடத்துக்கு மாற்றி வைத்தார்கள் என்று கொள்வோம். முன்னர் நாம் கண்ட கணக்கின்படி, அதனாலேயே ஏறக்குறைய 0.65 டிகிரி வெப்பம் குறைந்து காணும். அதாவது, ஒரு நூற்றாண்டின் மாறுதல் முழுவதும் ஒரே நாளில் மறைந்துபோகும்! பெட்டி இருந்த தோட்டத்தைச் சுற்றிக் கட்டடங்களும் தார்ச் சாலையும் எழுந்தால், இதற்கு நேர்மாறாக, இல்லாத வெப்பம் ஏட்டில் ஏறிவிடும். சமவெளியைவிட மலைநாட்டில் இவ்வபாயம் மிகுதி. அங்கே இடம் சிறிது மாறினாலும் உயரம் மாறிவிடுகிறது.

ஆகவே இடம் மாறினால் மாறிய நாளும், புதிய இடத்தின் உயரமும் ஏட்டில் குறிக்கப்படவேண்டும். இயலுமாயின் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் சில காலம் சேர்ந்தாற்போல் அளந்து வேற்றுமையைக் கண்டறிய வேண்டும். பழைய ஏடுகள் அங்குலத்திலும் பாரன்ஹீட்டிலும் இருக்கும். புதியவை மில்லிமீட்டரிலும் செல்ஷியஸிலும் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதை மறந்து பெயர்த்தெழுதினால் பஞ்ச ஆண்டு வெள்ள ஆண்டாகிவிடும். ஓர் ஊரின் தட்பவெப்பம் இன்னது என்று கூறுவதற்கு 30 ஆண்டுகளின் சராசரியைக் கொள்வது உலக வழக்கு. அந்த 30 ஆண்டுகளும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவையாக இருந்தால்தான் அச்சராசரிக்குப் பொருள் உண்டு.

இவையெல்லாம் விஞ்ஞானிகளின் கவலை. நமக்கென்ன என்று நேயர்கள் எண்ணலாகாது. 1876-இல் மழை பொய்த்துத் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் வட ஆர்க்காடும் கடப்பையும் பட்ட துயரத்தை நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். எந்த வட்டத்தில் மழை எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு உரிய காலத்தில் கைக்கு வந்தால்தான் நிவாரணமும் உரிய காலத்தில் செல்லும்.

அண்மைய நிகழ்ச்சி ஒன்றையும் கூறலாம். மதனப்பள்ளி மேட்டிலிருந்து இறங்கும் பாஹுதா நதியும் பிஞ்சா நதியும் கூடிச் செய்யேறு ஆகின்றன. 2021 நவம்பரில் வங்கக் கடலில் தோன்றிய தாழ்வு மண்டலம் கரை கடந்தபோது பெருமழை கொட்டியது. திருப்பதித் தெருக்கள் ஆறாக ஓடின. நவம்பர் 19-ஆம் நாள் செய்யேற்றின் குறுக்கே இராஜம்பேட்டை அருகிலிருந்த அன்னமய்யா அணை உடைந்தது. கீழே இருந்த கிராமங்களில் பலர் உயிரிழந்தனர். அணையைக் கட்டுபவர் பழைய ஏடுகளைப் பார்த்தே மதகின் அளவைத் தீர்மானிக்கிறார். அணையைக் காப்பவர் மேட்டிலே பெய்த மழையை உடனுக்குடன் அறிந்தே மதகைத் திறக்கிறார். மேட்டு நிலத்தில் உள்ள மழைமானி, தாழ்நிலத்து மக்களின் உயிருக்குக் காவல் என்பது இதனால் விளங்கும்.

திருப்பதியை அடுத்த காதங்கியில் 1992 முதல் வேறு வகையான ஆராய்ச்சியும் நடைபெறுகிறது. இன்று தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் எனப் பெயர் பெற்றுள்ள அந்நிலையத்தில், 1,024 ஆண்டெனாக்களைக் கொண்ட பெரிய ராடார் மேல்வானத்தின் காற்றோட்டத்தை ஆராய்கிறது. பல கிலோமீட்டர் உயரத்தில் நிகழ்வதை அது காண்கிறது. ஆயினும் ஒரு கிராமத்துக் கழனியில் விழுந்த மழை எவ்வளவு என்பதைத் தரையிலுள்ள மழைமானியே உறுதியாகக் கூறவல்லது. பெரிய கருவி வந்துவிட்டது என்று சிறிய கருவியைக் கைவிடுதல் தகாது.

இறுதியாக, பள்ளி ஆசிரியர்களுக்கும் உழவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மழைமானி ஒன்றும் நோட்டுப் புத்தகம் ஒன்றும் எந்தப் பள்ளிக்கும் எட்டாத செலவல்ல. மரத்துக்கும் சுவருக்கும் விலகிய இடத்தில் அதை நிறுத்துங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஓர் ஏக்கர் நிலத்தில் ஏறக்குறைய 4,000 லிட்டர் நீர் என்று மாணவர்களுக்குக் காட்டுங்கள். தக்காளிக்குப் பேர்போன மதனப்பள்ளிச் சந்தையில் விலை ஏறுவதும் இறங்குவதும் எதனால் என்பதில் ஒரு பகுதியை அவர்களே கண்டுகொள்வார்கள். விடுமுறை நாளிலும் அளப்பதற்கு ஒருவரை நியமியுங்கள். மழை விடுமுறை பார்த்துப் பெய்வதில்லை. கருவியை இடம் மாற்றினால் அதையும் எழுதுங்கள். முதல் ஆண்டில் அவ்வேட்டினால் பெரும்பயன் தோன்றாது. முப்பது ஆண்டுகள் கழித்து, முன்னெல்லாம் எப்படி இருந்தது என்று எவரேனும் கேட்டால், உங்கள் ஊர் அந்த ஏட்டைத் திறந்து விடை கூறும்.