ஏறுகிற கைக்கு எந்தக் களிம்பு?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரிதும் மாற்றாமல் இங்கே தரப்படுகிறது.)



சங்கச் செயலாளர் போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுப்பா" என்றார். "பாறை ஏறுகிறவர்கள் கைக்குப் போடுகிற பாம் பற்றிப் பேசட்டுமா சார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அமிர்தாஞ்சனா?" என்றார்! அவரைக் குறை சொல்ல முடியாது. 1893-இல் பம்பாயில் பிறந்து பிறகு சென்னைக்குக் குடிவந்த அந்த மஞ்சள் தைலம்தான் நம்ம ஊரில் 'பாம்' என்ற சொல்லுக்கே அர்த்தம். நான் பேச வந்தது தலைவலிக்கு அல்ல, தோலுக்கு.

ஏன் இந்தத் தலைப்பு? நம் கல்லூரியில் மாணவர்கள் சேர்ந்து பாறையேற்றக் குழு ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் போன முறை என்னிடம் கையைக் காட்டினார்கள். ஒருவனுக்கு உள்ளங்கைக் காய்ப்பு பிய்ந்து தொங்குகிறது. இன்னொரு பெண்ணுக்கு நடுவிரல் நுனியில் பிளவு. "பரவால்ல அண்ணா, கை கெட்டியாயிடும்" என்று சிரிக்கிறார்கள். நானும் அப்படிச் சிரித்தவன்தான். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகிற மின்சார ரயிலில் உட்கார்ந்தால் பல்லாவரம், திரிசூலம் பக்கம் மலைகள் தெரியும். தினமும் பார்த்துப் பார்த்து நமக்கு அலுத்துப்போன மலைகள். ஆனால் உலகத்து மண்ணியல்காரர்களுக்கு அவை கோயில் மாதிரி. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த ஹாலண்ட் என்ற மண்ணியலாளர், 1893-இல் அந்தக் கல் வகைக்கு 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். அந்தக் கல் நம்ம பல்லாவரம் பக்கத்துக் கல். அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட், பழைய கற்கால மனிதனின் கல் கருவியைக் கண்டெடுத்தார். அந்தக் கல்லைச் செதுக்கிய கைக்கு யார் களிம்பு போட்டார்களோ, தெரியாது!

எங்கள் அப்பா அந்த மலையில் கல் உடைத்தவர். திரிசூலம் பக்கத்துக் குவாரியில், நான் நாலாம் வகுப்பு படிக்கிறவரை. உளியும் சம்மட்டியும்தான் அவர் பிழைப்பு. பிறகு குவாரி நின்றது, அப்பா இரவுக் காவலர் ஆனார். நான் இங்கே இயந்திரவியல் படித்து 2010-இல் வெளியே வந்தேன். இப்போது ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. முப்பது வயதில் பாறை ஏறும் பைத்தியம் பிடித்தது. அப்பா கேட்ட முதல் கேள்வி, "மேல ஏறினா கூலி எவ்ளோடா தர்றாங்க?"

இனி என் கைக்கு வருகிறேன். எனக்குக் கை நிறைய வேர்க்கும். உள்ளங்கையில் ஒரு விசித்திரம் உண்டு. உடம்பின் மற்ற இடங்களில் தோலுக்கு எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை கிடையாது. வியர்வைச் சுரப்பிகளோ அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. பயந்தால் கை வேர்ப்பது அதனால்தான். பாறையில் பாதி உயரத்தில் பயப்படாமல் இருக்க முடியுமா? அதற்காகத்தான் மக்னீசியம் கார்பனேட் பொடி. ஜான் கில் என்ற அமெரிக்கர் 1950-களில் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்திலிருந்து அதைப் பாறைக்குக் கொண்டுவந்தார். நம்ம கடற்கரைக் காற்றில் அந்தப் பொடி இரண்டு நிமிஷம் தாங்காது. மறுபடி பூசு, மறுபடி துடை. மாலையில் பார்த்தால் தோல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வறண்டு கிடக்கும். அதாவது நம்ம ஊர் ஏறுகிறவனுக்கு ஒரே நாளில் ஈரமும் கேடு, வறட்சியும் கேடு. குளிர் நாட்டுக்காரர் எழுதுகிற அறிவுரை நமக்கு அப்படியே பொருந்தாததற்குக் காரணம் இதுதான்.

வேர்வையை ஒழித்துக் கட்டுகிறேன் என்று, வெளிநாட்டு நண்பர் கொடுத்த ஒரு உலர்த்தும் களிம்பை எடுத்துக்கொண்டேன். மெத்தனமின் என்ற வேதிப்பொருள் அதில் இருக்கிறது. வியர்வையின் அமிலத்தில் அது மெல்ல ஃபார்மால்டிஹைடாக மாறும். வாரம் ஒரு முறை, அதுவும் கொஞ்சமாகப் போட வேண்டியதை நான் தினமும் போட்டேன். ஃபார்மால்டிஹைட் தோல் பதனிடவும் பயன்படுகிற சரக்கு. குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே குரோம் தோல் ஆலை. அந்த ஊரைத் தாண்டித் தாண்டிக் கல்லூரிக்கு வந்த எனக்கு, நான் என் விரலையே பதனிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று உறைக்கவில்லை பாருங்கள்! விரல் நுனிகள் கண்ணாடி மாதிரி பளபளப்பாகவும் கெட்டியாகவும் ஆயின. எனக்கு ஒரே பெருமை.

அந்தக் கையோடு பாதாமி போனேன். செம்மணற்கல் பாறைகள், ஏறுகிறவர்களுக்குச் சொர்க்கம். பழைய வாதாபிதான் அது. நரசிம்மவர்ம பல்லவன் 642-இல் அந்த ஊருக்குப் போய் வென்று திரும்பினான். நான் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பினேன். இரண்டாம் நாள் காலை, ஒரு சின்ன விளிம்பைப் பிடித்து உடம்பை இழுத்தபோது நடுவிரலின் முதல் மடிப்பு குறுக்காக வெடித்தது. கெட்டியான தோல் வளையாது, அதனால் வளைய வேண்டிய இடத்தில் பிளந்துவிட்டது. போதாததற்கு, பையில் இருந்த வலி தைலத்தை அந்தப் பிளவில் தடவினேன். மென்தாலும் கற்பூரமும் திறந்த புண்ணில்! கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்கு மேலும் ஒட்டுப்போட்டு ஏறினேன். ஊர் வந்து நாலாம் நாள் விரல் வீங்கிச் சீழ் வைத்தது. மருத்துவர் கீறி எடுத்தார். ஆறு வாரம் பாறை கிடையாது. அலுவலகத்தில் விசைப்பலகையை ஒன்பது விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். "இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா எலும்புக்குப் போயிருக்கும்" என்று மருத்துவர் சொன்னதை வீட்டில் நான் இதுவரை சொல்லவில்லை. இந்த மலரை அம்மா படித்தால் தெரிந்துகொள்வார்கள்.

அப்பா என் கையை வாங்கிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "கல்லு உடைக்கிறவன் கை கல்லு மாதிரி இருந்தா வெடிச்சிடும்டா. வாரு மாதிரி இருக்கணும்" என்றார். அப்போதுதான் அவர் கையைச் சரியாகத் தொட்டுப் பார்த்தேன். காய்ப்பு இருக்கிறது, ஆனால் மேடு இல்லை. தட்டையாக, வளைகிற காய்ப்பு. குவாரிக் காலத்தில் தினமும் ராத்திரி அம்மா மெழுகுவர்த்தியைத் தேங்காய் எண்ணெயில் உருக்கிக் கொடுப்பார்களாம். அதைத் தடவுவதற்கு முன்னால், காய்ப்பை ஊறவைத்துச் சொரசொரப்பான கல்லில் தேய்த்துச் சமன் செய்துகொள்வாராம். அதே வீட்டில் வளர்ந்த எனக்கு இது தெரியாது. பித்தவெடிப்புக்கு ஏதோ செய்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

அப்பா செய்தது முழுக்கச் சரி என்பது பிறகு படித்தபோது புரிந்தது. கைக்குப் போடுகிற சரக்கில் மூன்று விதமான வேலை இருக்கிறது. கிளிசரின், யூரியா போன்றவை தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். எண்ணெய்கள் தோலின் இடுக்கை நிரப்பி வழவழப்பாக்கும். மெழுகும் பெட்ரோலியம் ஜெல்லியும் மேலே மூடி போட்டு, உள்ளே இருக்கிற ஈரம் போகாமல் காக்கும். கடையில் வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அதிகம் உள்ள பொருள் முதலில் எழுதப்பட்டிருக்கும். முதல் பெயர் தண்ணீர் என்றால் அது லோஷன், தோலை ஊறவைத்து மென்மையாக்கிவிடும். அலுவலகக் கைக்கு நல்லது, ஏறுகிற கைக்கு வேண்டாம். முதலில் எண்ணெயோ மெழுகோ இருந்தால் அதை எடுங்கள். யூரியா 10 சதவீதம் இருந்தால் தோலை ஈரப்படுத்தும். 40 சதவீதம் என்றால் அது காய்ப்பையே கரைக்கிற மருந்து, ஏறுவதற்கு முதல் நாள் அதைத் தொடாதீர்கள். மென்தால், கற்பூரம் இருந்தால் அது வலிக்கான தைலம். பிளவுக்கு ஆகாது, அனுபவஸ்தன் சொல்கிறேன். வாசனை தூக்கலாக இருந்தால் சிலருக்கு அரிக்கும். ஆட்டு ரோம மெழுகான லானோலின் நல்ல சரக்குதான், சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை பார்த்து மயங்க வேண்டாம். ஏறுகிறவர்களுக்கு என்றே வெளிநாட்டிலிருந்து வருகிற சின்ன டப்பா ஒன்றின் விலையில் நாட்டு மருந்துக் கடையில் ஒரு வருஷத்துக்கு மெழுகு வாங்கலாம். அங்கேயே குங்கிலிய வெண்ணெய் கேட்டாலும் கிடைக்கும். நல்லெண்ணெயில் குங்கிலியம் சேர்த்த சித்த மருந்து அது.

நான் செய்கிற முறை இது. தேன் மெழுகு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் இரண்டரைப் பங்கு. புத்தகங்களில் எண்ணெய் நாலு பங்கு வரை எழுதியிருக்கிறார்கள். அது குளிர் நாட்டுக் கணக்கு. தேங்காய் எண்ணெய் சுமார் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும், தேன் மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். தாம்பரத்து மே மாத வெயிலில் பைக்குள் குழம்பாகாமல் இருக்க வேண்டுமானால் மெழுகைக் கூட்டத்தான் வேண்டும். நான் முதலில் செய்த டப்பா என் சட்டைப் பையில் உருகி, அந்தச் சட்டை இப்போது வண்டி துடைக்கப் போய்விட்டது. மார்கழியில் எண்ணெய் மூன்று பங்கு போடலாம். கொதிக்கிற தண்ணீருக்குள் பழைய டம்ளரை வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே விழக்கூடாது, பூஞ்சணம் பிடிக்கும். டம்ளர் பிறகு சமையலுக்கு உதவாது. வீட்டம்மாவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுவது உத்தமம்!

போடுகிற நேரம் முக்கியம். ஏறி முடித்ததும் வெள்ளைப் பொடியை மிதமான சோப்பில் கழுவி, ஒற்றித் துடைத்து, தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே மெல்லிசாகத் தடவுங்கள். ராத்திரி படுக்கும் முன் இன்னொரு தரம். ஏறுகிற நாள் காலையில் கூடவே கூடாது. உங்கள் பிடி வழுக்குவது உங்கள் கஷ்டம், பாறையில் எண்ணெய் படிந்தால் பின்னால் வருகிறவர் கஷ்டம். வாரம் ஒரு நாள் 220-ஆம் நம்பர் உப்புத்தாளால் காய்ப்பு மேடுகளை மெதுவாகத் தேய்த்துச் சமன் செய்யுங்கள். மேடாக இருக்கிற காய்ப்புதான் பாறையில் மாட்டிக் கிழிகிறது. கிழிந்துவிட்டால் அன்றைக்கு இறங்கிவிடுங்கள். மேல்தோல் முழுசாகப் புதுப்பிக்க ஏறக்குறைய 4 வாரம் பிடிக்கும், அவசரப்பட்டு அதைக் குறைக்க முடியாது. சிவந்து, சூடாகி, துடிக்க ஆரம்பித்தால் களிம்பு வேலை முடிந்தது, மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் உள்ள நம் மூத்த நண்பர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள்.

இன்னொன்று, தம்பிகளுக்கு மட்டும். பம்மல், திரிசூலம் பக்கம் கைவிட்ட குவாரிகளின் சுவரைப் பார்த்துக் கை அரிக்கும். எனக்கும் அரித்தது. "அங்க வெடி வெச்ச கல்லுடா, உள்ளே எங்க விட்டிருக்குன்னு எங்களுக்கே தெரியாது" என்று அப்பா சொன்னார். கீழே ஆழமான தண்ணீர் வேறு. அங்கே போகாதீர்கள்.

மைக்கைக் கேட்கிறார்கள், சாப்பாட்டுக்கும் மணி அடித்துவிட்டது. வெளியே பதிவு மேசையில் சின்ன டப்பாக்கள் நாற்பது வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் சேர்ந்து காய்ச்சியது, மூடியை ஒட்டியது அம்மா. பாறைக் குழுப் பிள்ளைகள் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். மிச்சம் இருந்தால் குதிகால் வெடிப்பு உள்ள பேராசிரியர்களும் எடுத்துக்கொள்ளலாம்.