தொலைமருத்துவமும் நம் தொழுவமும்

 

நம் இளமையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகின்றோம். ஒரு நாள் நம் வீட்டு ஆடு வயிறு உப்பி விழுந்தது. கால்நடைக்கு மருந்து கொடுப்பவர் ஊர்த்தெருவோடு திரும்பிவிடுவார், சேரிக்குள் வரமாட்டார். அண்டை அயலார் சொற்படி, படுத்துக் கிடந்த ஆட்டின் வாயில் எண்ணெய் ஊற்றினோம். அது மூச்சுத் திணறி மாண்டது. அவ்வாறு ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குள் புகக்கூடும் என்பதைப் பல்லாண்டுகளுக்குப் பின்னரே அறிந்தோம். அவ்வாட்டை விற்றுத்தான் அவ்வாண்டுப் பாடநூல்கள் வாங்குவதாக இருந்தது.

இன்று 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு. அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை வரவழைக்கலாம். அழைப்பை ஏற்பவர் இடத்தைக் கேட்பார், குலத்தைக் கேட்பதற்கில்லை. மருத்துவர் வந்து சேரும்வரை செய்ய வேண்டியதையும் செய்யக்கூடாததையும் கைப்பேசி வழியே கேட்டறியலாம். இதுவே தொலைமருத்துவத்தின் முதற்பயன்.

ஆயினும், நோயுற்ற கால்நடை பேசாது. அதற்காகப் பேச வேண்டியவர் நாமே. “மாட்டிற்கு உடம்பு சரியில்லை” என்பது போதாது. தீனி எப்போது நின்றது? அசைபோடுகிறதா? சாணமும் சிறுநீரும் எவ்வாறு உள்ளன? இடப்பக்க வயிறு உப்பியுள்ளதா? வெப்பமானி காட்டும் அளவு என்ன? பசுவிற்கு ஏறத்தாழ 101.5 பாரன்ஹீட் இயல்பானது. தோலில் கழலைகள் தோன்றினால், பகல் வெளிச்சத்தில் தெளிவாகப் படமெடுத்து அனுப்பலாம். இவற்றைப் பார்த்து, எண்ணி, எழுதி வைக்கக் கற்ற பிள்ளை வீட்டிலிருந்தால், மருத்துவர் பாதிவழி வந்துவிட்டார் என்றே கொள்ளலாம்.

கைப்பேசிக்கு எல்லையும் உண்டு. குறுக்கே சிக்கிய கன்றை அது வெளியே எடுக்காது, ஊசியும் போடாது. அங்கே மருத்துவரின் கையே வேண்டும்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகின்றோம். செத்த மாட்டை இழுக்கும் வேலை தலைமுறை தலைமுறையாக நம்மீது சுமத்தப்பட்டது. 1927இல் மகாத் மாநாட்டில், இறந்த மாட்டின் இறைச்சியைக் கைவிடுமாறு அண்ணல் அம்பேத்கர் நம்மவரைக் கேட்டுக்கொண்டார். மாடு திடீரென இறந்து, மூக்கிலும் வாயிலும் ஆசனவாயிலும் குருதி கசிந்தால், அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அது மனிதரையும் கொல்லும். அதன் நுண்வித்துகள் மண்ணில் பல்லாண்டுகள் உயிர்த்திருக்கும். அவ்வுடலைத் தொடாதீர்கள், அறுக்காதீர்கள். எவர் ஏவினாலும் இழுக்காதீர்கள். முதலில் கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

இளைஞர்களே! 1989இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வாயில் உங்களுக்கும் உரியது. இறந்த மாட்டிற்கு மட்டும் அழைக்கப்பட்ட நம் சமுதாயம், உயிருள்ள மாட்டைக் காக்கவும் அழைக்கப்படட்டும். தொலைபேசியின் இம்முனையில் விவரமறிந்து பேசுவோர் நம் பிள்ளைகளாக இருப்பது முதற்படி. மறுமுனையில் மருத்துவராக விடை கூறுவோரும் நம் பிள்ளைகளாக இருப்பது அடுத்த படி. பொன்விழாவிற்குள் அதனைக் காண்போமாக!